கேட்டுவிட்டுச் சும்மா இருந்தவர்

என் இடத்துக்கு வரப்போகிற உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். ஓய்வு பெறும் வயது எனக்கு இல்லை. இதுவரை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும் என்றார்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் புதுவாயலில் இருந்துகொண்டு, சின்னக் குழந்தையை விட்டுவிட்டு தினமும் ரயில் ஏறுவது என்னால் ஆகாது என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபின் அதைப் பலமுறை மாற்றினேன், கடைசியில் அதற்கே திரும்பி வந்தேன். என் சுபாவம் அப்படி. இதை எழுதும்போதும் சில வரிகளை அழித்து அழித்துத்தான் எழுதுகிறேன்.

நேயர்களின் கருத்துகளை எங்கே பார்ப்பது, எப்படிப் பிரிப்பது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தருவார்கள். அவர்கள் சொல்லாமல் விடக்கூடியதை மட்டும் நான் சொல்கிறேன்.

நடிகர், பாடகர், விளையாட்டு வீரர் என்று பிரபலமானவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுகிற பாட்காஸ்ட் நம்முடையது. பல வருடங்களாக வருகிறது. அதை நடத்துகிறவரை நாம் சார் என்போம். நேயர்களுக்கு அவர் அண்ணே. நேயர்கள் எழுதுவதையும் குரலில் பதிந்து அனுப்புவதையும் படித்து, கேட்டு, சாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் வேலை.

சேர்ப்பதில் ஒரு முறை இருக்கிறது. சார் தன் நிகழ்ச்சி வெளிவந்தபின் அதைக் கேட்கவே மாட்டார். தன் குரலைத் தானே கேட்பது அவருக்குக் கூச்சம். அதனால் நிகழ்ச்சி எப்படி வந்திருக்கிறது என்பதை நேயர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். அதையும் கண்ணால் படிக்கமாட்டார். வியாழக்கிழமை மதியம் போன் செய்வார். "படிம்மா, கேக்குறேன்" என்பார். நாம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். நேயர் எப்படி எழுதினாரோ அப்படியே, ஒரு எழுத்து குறையாமல்.

முதல் வியாழக்கிழமை நான் அப்படிப் படிக்கவில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கப்பட்டவள் நான்.

"சார், ஒருத்தர் வந்து… கொஞ்சம் குறைவா பேசச் சொல்லியிருக்கார் சார்."

"அப்படியா எழுதியிருக்கார்? அவ்ளோ மரியாதையாவா?"

"இல்ல சார். 'வாய மூடுடா, அந்தம்மா பேசட்டும்'னு போட்டிருக்கார்."

"டா நீ சேத்ததா, அவர் போட்டதா?"

"அவர் போட்டதுதான் சார்."

"அப்ப அதையும் சேத்துப் படிக்கணும்ல. அடுத்தது."

அன்று தயாரிப்பாளர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இந்த வேலையில் என்னைச் சேர்த்தவர் அவர்தான். "நீ தபால்காரி மாதிரி. தபால பிரிச்சு மாத்தி எழுதவும் கூடாது, அதுக்கு நீயே பதில் எழுதவும் கூடாது. உன் அபிப்பிராயத்த யாரும் கேக்கல." கறாராகச் சொன்னார், ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொந்த அபிப்பிராயம் இல்லாமல் ஒரு வேலை கிடைப்பது என்னைப் போன்றவர்களுக்கு வரம்.

சார் எல்லாரிடமும் கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார் என்பது உங்களுக்கும் தெரியும். "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனா உங்களுக்கு யார் கதவு திறப்பாங்க?" கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். எவ்வளவு நேரமானாலும் சரி, விருந்தினர் இருமினாலும் தண்ணீர் குடித்தாலும் எடுத்துக்கொடுக்கமாட்டார். அந்த நேரத்தில் விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்கும். பிறகு அவர்கள் சொல்வது, அதுவரை பேசியதிலெல்லாம் சொல்லாத ஒன்றாக இருக்கும்.

அந்தக் கேள்விக்கு விருந்தினர்கள் சொன்ன பதில்கள் நிறைய எனக்கு மறந்துவிட்டன. ஆரம்பாக்கத்திலிருந்து நேயர் அக்கா ஒருவர் சொன்ன பதில் மறக்கவில்லை.

அவர் பெயர் தெரியாது. ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவர். அவருடைய குரல் பதிவு எப்போதும் ரயில் சத்தத்தோடு தொடங்கும். பதிவு பட்டனை அழுத்திவிட்டு அதன்பிறகுதான் என்ன சொல்வது என்று யோசிப்பார் போலிருக்கிறது. தடதடவென்று வண்டி ஓடும். யாரோ சமோசா விற்பார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பார்.

"அண்ணே, நீ பாட்டுக்கு யாரு கதவு தெறப்பாங்கன்னு கேட்டுட்டு கம்முனு இருந்துட்ட. அந்த நடிகரு வாயத் தொறக்கறதுக்குள்ள நானு 'யாரும் இல்ல, நானேதான் பூட்டு தெறந்துக்கணும்'னு சத்தமா சொல்லிட்டேன். பக்கத்துல குந்திகினு இருந்தவ இன்னாடி ஆச்சுன்றா. காதுல மாட்டிக்கினு இருந்தத அவளாண்ட காட்டுனேன். பைத்தியம்னு நெனச்சிருப்பா."

இதை நான் படித்துக் காட்டவில்லை. சாருக்குப் போட்டே காட்டினேன். சார் வெகுநேரம் சிரித்தார், அடுத்த நிகழ்ச்சியிலும் அதைச் சொல்லிச் சிரித்தார்.

வாராவாரம் அந்த அக்கா பதிவு அனுப்பினார். வாராவாரம் பதில் கொஞ்சம் நீளும். "எங்க நைனா இருந்த வரைக்கும் அவருதான் தெறப்பாரு அண்ணே. காது கேக்காது. ரயிலு வந்தா மட்டும் அவருக்கு எப்டியோ தெரிஞ்சிடும். நானு தெரு முனைல திரும்பும்போதே கதவாண்ட நிப்பாரு." இன்னொரு வாரம், தன் பூட்டு மழையில் நனைந்து இறுகிவிட்டதைப் பற்றிச் சொன்னார். தேங்காய் எண்ணெய் விட்டுத் திறந்தாராம். சொல்லும்போது சிரித்தார்.

கடைசியாக வந்த பதிவு இது. "அண்ணே, ஒரு சேதி கீது. எங்க ஊட்டுக்கு கதவு தெறக்க ஆளு வரும் போல. நிச்சயமானதும் சொல்றேன். இப்போ சொன்னா கண்ணு பட்டுடும்."

அந்த வாரத்தோடு நான் பிரசவ விடுப்பில் போனேன்.

திரும்பி வந்தபோது மகள் உட்காரப் பழகியிருந்தாள். வேலைக்குத் திரும்பியது சரியா என்ற கேள்வி ஒரு பக்கம். மறுபக்கம் அந்த அக்காவின் சேதியைக் கேட்கும் ஆசை. வந்த ஆள் யார்? மாப்பிள்ளையா, தத்தெடுத்த பிள்ளையா, கூடவந்து தங்கும் சொந்தமா? பழைய பதிவுகளில் தேடினேன். எதுவும் இல்லை. நான் இல்லாத மாதங்களில் அவர் ஒரு வார்த்தை அனுப்பியிருக்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் காத்திருந்தது. கருத்துகளின் வாடையே மாறியிருந்தது. முன்பெல்லாம் திட்டினாலும் அதில் உரிமை இருக்கும். இப்போது சலிப்பு இருந்தது. "பேச விடறதே இல்ல." "கேள்வி கேட்டு அவரே மேல பூந்து பேசுறாரு." "பழைய அண்ணன் இல்ல இவரு." "பாதில நிறுத்திட்டேன்." பத்து வருடமாகக் கேட்டவர்கள் எழுதியவை இவை. வியாழக்கிழமைகளில் அவற்றை அப்படியே வாசித்தேன். சார் முன்போலக் கேலி செய்யவில்லை. "ம்" என்பார். "அடுத்தது" என்பார்.

ஒரு வியாழக்கிழமை முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜனங்க இவ்ளோ பேரு சொல்றாங்கன்னா பொய்யா இருக்காதும்மா. எனக்குப் பொறுமை போயிடுச்சு போல. வயசாயிடுச்சு. இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கேன். யாருகிட்டயும் சொல்லாத."

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கை ஓடவில்லை. நிகழ்ச்சி நின்றுவிட்டால் என் வேலையும் போகும் என்ற பயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அதைவிட, நான் வாசித்து வாசித்தே ஒரு மனிதரை ஒடுக்கிவிட்டேனோ என்றும் தோன்றியது. திருத்தாமல் வாசிப்பதுதான் என் கடமை. அப்படி வாசித்ததால்தான் இப்படி ஆகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

மகளைத் தூங்கவைக்க நான் சாரின் நிகழ்ச்சியைத்தான் போடுவேன். தாலாட்டு எனக்கு வராது. குழந்தையையும் பார்த்தமாதிரி, வேலையையும் பார்த்தமாதிரி. அந்த வாரம் ஒரு மதியம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு புது நிகழ்ச்சியைப் போட்டேன். கண் செருகும், உடனே உதறிக்கொண்டு விழிக்கும். மறுபடியும் அதே கதை. பாலில் குறையா, வயிற்று வலியா, காய்ச்சல் வரப்போகிறதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் கணவர் உருக்காலையில் காலை ஷிப்டு முடித்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"இன்னா, கொயந்த தூங்கலியா?"

"தெரியலைங்க. டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"டாக்டரு இன்னாத்துக்கு. இத்த மாத்து. பழசு இருந்தா போடு. புதுசு ஒரே பேஜாரு. மூச்சே வுடாம பேசிகினு கீறானுங்க, மெசின் ஓடுற மாதிரி. கம்பெனில கேக்குறது போதாதா?"

பழைய ஒன்றைப் போட்டேன். குழந்தை தூங்கிவிட்டாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்தேன். மறுநாளும் புதியதில் விழித்தாள், பழையதில் தூங்கினாள். அவளைத் தொட்டிலில் போட்டுவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். குரல் அதே குரல். கேள்வியும் அதே தன்மை. ஆனால் புதியதில் சார் கேட்டு முடித்த நொடியில் பதில் வந்தது. பதில் முடிந்த நொடியில் அடுத்த கேள்வி வந்தது. மூச்சு எங்கேயுமே இல்லை.

ஒலியைத் தொகுக்கும் எடிட்டருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். என் வளைகாப்புக்கு மனைவியோடு வந்து, அவர் கையால் எனக்குக் கைநிறைய வளையல் அடுக்கவைத்துவிட்டுப் போனவர்.

"இடையில வர்ற மௌனத்தை எடுக்குறீங்களா?"

"ஆமாக்கா. நீங்க லீவுல இருந்தப்ப ஆரம்பிச்சோம். நிகழ்ச்சி நீளமா போகுதுன்னு விளம்பரக்காரங்க சொல்லிகினே இருந்தாங்க. ஒரு பட்டன்தான், பேச்சு இல்லாத எடத்தையெல்லாம் அதுவே வழிச்சுப் போட்டுடும். சூப்பரா கீதுன்னு எல்லாரும் சொன்னாங்களே. இன்னாக்கா ஆச்சு?"

"வெட்டாத பதிவு ஒண்ணு அனுப்புங்க."

அனுப்பினார். ஒரு மூத்த நடிகையின் பேட்டி. வெளிவந்ததில் சார் கதவுக் கேள்வி கேட்டதும் அந்த அம்மாள் ஏதோ துணுக்குச் சொல்வதுபோல் டக்கென்று பதில் சொல்வார். உடனே சார் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். நேயர்கள் கொதித்தது அந்த இடத்தில்தான். வெட்டாத பதிவில் நடந்தது வேறு. சார் கேட்கிறார். அந்த அம்மாளின் வளையல் மேஜையில் உரசுகிறது. நாற்காலி நகர்கிறது. மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவர் சொல்கிறார்: "யாரும் தொறக்க மாட்டாங்க. அதனால வாசல் வரைக்கும் வந்துட்டு, டிரைவர இன்னொரு சுத்து சுத்தச் சொல்லுவேன்." அதற்குப் பிறகும் சார் பேசவில்லை. அந்த அம்மாளே "சரி, வேற கேளுங்க" என்று சொல்லும்வரை இருந்தார். மெல்லிய குரலில் சொன்ன அந்த வார்த்தைகளையும், பேச்சு இல்லாத இடம் என்று பட்டன் வழித்துவிட்டிருந்தது.

எடிட்டரிடம் மறுபடி பேசினேன். "சார்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும். ஆனா எம்பேரச் சொல்லியே சொல்லுங்க, மறைக்காதீங்க."

வியாழக்கிழமை வந்தது. என் வேலை வாசிப்பது மட்டும். தபால்காரி பதில் எழுதக்கூடாது. அன்று காலையிலிருந்து சோறு இறங்கவில்லை. சொல்லி, அவர் "உன் அபிப்பிராயத்தை யார் கேட்டா" என்றால்? சொல்லாமல் விட்டு, அவர் நிறுத்திவிட்டால்?

"படிம்மா" என்றார்.

"சார், படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பதிவு போடணும் சார். உங்க குரல்தான். கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

"அது வேணாமே."

"இந்த ஒரு தடவ சார்."

முதலில் வெளிவந்ததைப் போட்டேன். "பாத்தியா, அவசரப்படுறேன்" என்றார். எடிட்டர் பெயரையும் அவர் வைத்த பட்டனையும் சொல்லிவிட்டு, வெட்டாததைப் போட்டேன். வளையல் உரசியது. நாற்காலி நகர்ந்தது. பதிவு முடிந்தபின் போனிலும் ஒன்றும் கேட்கவில்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்து, "சார், இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேம்மா." பிறகு கேட்டார்: "நான் அன்னைக்குக் காத்துக்கிட்டுதான் இருந்தேன், இல்ல?"

"ஆமா சார்."

"எனக்கே மறந்துபோச்சு. எல்லாரும் சொல்றாங்களேன்னு, நான்தான் பூந்து பேசிட்டேன்னு நம்பிட்டேன்."

அன்று இன்னொன்றும் போட்டேன். ஆரம்பாக்கம் அக்காவின் பழைய பதிவு, ரயிலில் சத்தமாகப் பதில் சொல்லிவிட்ட அந்தப் பதிவு. "சார், நீங்க சும்மா இருந்த நேரத்துல இவங்களும் பேசிக்கிட்டு இருந்தாங்க சார். பேச விடலன்னு எழுதினவங்க விருந்தாளிக்காக மட்டும் எழுதலன்னு தோணுது." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது சுத்தமாக என் சொந்த அபிப்பிராயம்.

இதிலிருந்து நான் கற்றதை உங்களுக்கு ஒரு விதியாகச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. நேயர் வலிக்கிறது என்றால் நம்புங்கள். எங்கே வலிக்கிறது என்று அவர் கைகாட்டும் இடத்தை மட்டும் நீங்களும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும், கடைசியில் பார்த்தால் காது வலியாக இருக்கும். தயாரிப்பாளர் அக்கா விஷயம் தெரிந்ததும் போன் செய்தார். "தபால்காரி பதில் எழுதிட்டியா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "இந்த ஒரு தடவ சரி. பழக்கமாக்கிக்காத" என்று வைத்துவிட்டார். எப்போது மீறலாம், எப்போது கூடாது என்று எனக்கு இன்றும் தெரியாது. மீறுவதற்கு முன் சோறு இறங்காமல் இருந்தால், ஒருவேளை சரியான காரியமாக இருக்கலாம்.

நிகழ்ச்சி நிற்கவில்லை. மௌனத்தை வெட்டுவது நின்றது. அடுத்த வாரமே கருத்துகள் வந்தன. "அண்ணே, சத்தமே இல்ல, போன் ஹேங் ஆயிடுச்சின்னு ரெண்டு தட்டு தட்டுனேன்." "நெட்டு போச்சின்னு நெனச்சேன், பாத்தா நீ." சார் பழையபடி சிரித்தார். சலித்துப் போனவர்களில் சிலர் திரும்பினார்கள். எல்லாரும் இல்லை.

ஆரம்பாக்கம் அக்கா திரும்பவில்லை.

அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் இருந்தேன். சில மாதம் கழித்து எடிட்டரிடம் பேச்சுவாக்கில் அவரைப் பற்றிச் சொன்னேன். எப்போதும் ரயில் சத்தத்தோடு ஆரம்பிப்பாரே என்றேன். ரயில் சத்தத்தோடவா என்று திருப்பிக் கேட்டார் எடிட்டர்.

"அக்கா, குரல் பதிவுக்கும் அப்போ ஒண்ணு வச்சோம். பாதி பேரு பாக்கெட்டுல இருக்கும்போது தெரியாம அமுக்கி அனுப்பிடுறாங்கல்ல. அதனால ஆரம்பத்துல பேச்சு இல்லன்னா அதுவா குப்பைக்குப் போயிடும். மாசாமாசம் அதுவே காலியாயிடும்."

அன்றே அதை எடுத்துவிட்டோம். ஆனால் அதற்குள் போனது போனதுதான். அவர் அனுப்பாமல் விட்டாரா, அனுப்பி அனுப்பி நம்மிடமிருந்து ஒரு சிரிப்புகூட வராததால் விட்டாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு ஏதாவது காரியமாகப் போனால் ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் கூட்டமாக நிற்பார்கள். சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை, சிலர் காதில் ஹெட்செட். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்கள் பக்கமாக நடப்பேன். முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். யாராவது செருமினால் திரும்பிப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு குரல் அப்படியே இருந்தது. கிட்டே போய் நின்றேன். என்ன கேட்பது? உங்கள் வீட்டுக் கதவை இப்போது யார் திறக்கிறார்கள் என்றா? அதற்குள் வண்டி வந்துவிட்டது. அவர் ஏறிவிட்டார்.

வரும் வியாழக்கிழமை முதல் சாருக்கு நீங்கள்தான் வாசிப்பீர்கள். நான் மற்ற நேயர்களைப் போல வீட்டில் இருந்து கேட்பேன். சாரின் போன் வராத வியாழக்கிழமை மதியத்தை என்ன செய்வது என்று இன்னும் புரியவில்லை.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. என்றாவது ஒரு குரல் பதிவு வரலாம். திறந்தால் பேச்சு இருக்காது. ரயில் ஓடும். யாரோ சமோசா விற்பார். தவறி வந்தது என்று உங்கள் விரல் அழிக்கப் போகும். அவசரம் வேண்டாம். அந்த அக்கா யோசித்துக்கொண்டிருக்கிறார். செருமுவார், பிறகு சொல்வார்.

சொன்னதும், எந்த நேரமானாலும், எனக்கு ஒரு போன் போடுங்கள்.